துண்டறிக்கையின் இலக்கணம்: 'பரிசோதனை', 'தேர்வு' என்கிற இரண்டு சொற்கள்

எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு எங்கள் ஊரில் இரண்டு வேலைகள் தருவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பது ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்தோ அரசாங்கத்திலிருந்தோ வருகிற காகிதத்தை வாசித்து அர்த்தம் சொல்வது இன்னொன்று. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "ஏட்டி, இதுல என்ன போட்டிருக்கு? நான் போகணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு."

மகளிர் தினத்தை ஒட்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்திய முகாம். கல்யாண மண்டபத்து வாசலில் பஸ் வந்து நிற்கும், அதற்குள் மேமோகிராம் இருக்கும், 40 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசம். நோட்டீஸை இப்போதும் வைத்திருக்கிறேன். ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் அதில் எட்டு வாக்கியங்கள். ஆறில் ஏவல் வினை: வாருங்கள், தவறவிடாதீர்கள், பயன்பெறுங்கள், காத்துக்கொள்ளுங்கள், இப்படி. மிச்ச இரண்டில் ஒன்று ஒரு சதவீதம், மற்றது இலவசம் என்கிற அறிவிப்பு. கேள்வி ஒன்றுகூட இல்லை. 'ஆனால்', 'சிலருக்கு', 'சில சமயம்' என்கிற சொற்கள் எங்கும் இல்லை. பெரியம்மா கேட்டதோ கேள்வி.

"போயிட்டு வா, நல்லதுதானே" என்று சொன்னேன். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், ஃபூக்கோவின் 'மருத்துவமனையின் பிறப்பு' நூலை முன்வைத்து, இம்மாதிரி முகாம்கள் பெண்ணுடலைக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவரும் ஏற்பாடுகள் என்று ஒரு சிறுபத்திரிகையில் எழுதியிருந்தேன். கட்டுரையில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு. இரண்டில் எதுவும் பெரியம்மாவுக்கு உதவவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நோட்டீஸ் வருவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே இடப்பக்கம், அக்குளை ஒட்டி, அவள் கைக்கு ஏதோ நெருடியிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த பெண்ணிடமும் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வதற்கு. படிவத்தில் அந்தக் கேள்வி இங்கிலீஷில் இருந்திருக்கிறது, அந்தப் பெண்ணே 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டிருக்கிறாள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் செல்போனுக்கு வந்தது. வாசித்து, சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை என்று போட்டிருக்கிறது என்றேன். பெரியம்மா சிரித்தாள். "அப்ப பாஸாயிட்டேன்." ஏழு மாதம் அந்தப் பாஸோடு இருந்தாள். காம்பு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் என் அம்மாவிடம் காட்டினாள். பிறகு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஊசி, ஆபரேஷன், கீமோ. இப்போது பாதி நாள் வேலைக்குப் போகிறாள்.

மேமோகிராம் சில புற்றுக்கட்டிகளைத் தவறவிடும். திசு அடர்த்தியாக உள்ளவர்களிடம் கூடுதலாகவே தவறவிடும். கையில் கட்டி தட்டுப்பட்ட ஒருத்திக்கு, படம் நார்மல் என்பது முடிவான பதில் ஆகாது. மருத்துவர் கையால் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், தேவையானால் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இது மருத்துவத்தில் பாலபாடம். பெரியம்மாவுக்கு இது எட்டாமல் போனதற்குக் காரணம் அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது மொழியின் பிரச்சினையாகப் படுகிறது.

நோய்க்குறி எதுவும் இல்லாத ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி யாருக்காவது இருக்குமா என்று தேடுவது ஒரு வேலை. குறியோடு வந்து நிற்கும் ஒருத்திக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. இங்கிலீஷில் முன்னதற்கு ஸ்க்ரீனிங், பின்னதற்கு டயக்னோசிஸ். தமிழில் இரண்டுமே 'பரிசோதனை'. பேச்சில் இரண்டுமே 'டெஸ்ட்'. ஒரு நோட்டீஸில் 'திரையிடல்' என்று மொழிபெயர்த்திருந்ததையும் பார்த்தேன், சினிமா போடப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். பெரியம்மா இரண்டாவதற்குப் போக வேண்டியவள். முதலாவதற்குப் போய்விட்டு, போக வேண்டிய இடத்துக்குத்தான் போய்வந்தோம் என்று நம்பினாள். அவள் நம்புவதற்கு வசதியாக ஒரே சொல் இருந்தது.

'தேர்வு' என்பது அடுத்த சொல். 'தகவலறிந்த தேர்வு' என்று இப்போது கருத்தரங்கங்களில் சொல்கிறார்கள். நம் ஊரில் தேர்வு என்றால் பத்தாம் வகுப்புத் தேர்வு. பாஸ் உண்டு, பெயில் உண்டு. தேர்ந்தெடுப்பது என்கிற பொருள் எங்கோ பின்னால் நிற்கும். பெரியம்மா 'பாஸாயிட்டேன்' என்றது வெகுளித்தனம் இல்லை. நாம் கொடுத்த சொல்லுக்கு அவள் சரியாகவே பொருள் கொண்டாள்.

தேர்ந்தெடுப்பது என்கிற பொருளுக்காக ஒரு சமூகம் நேராகவே சண்டை போட்ட இடம் பிரிட்டன். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சண்டை நடந்ததே ஒரு துண்டறிக்கையின் மேல்.

1986இல் ஃபாரஸ்ட் குழுவின் அறிக்கை. 1988இல் அரசின் தேசியத் திட்டம் தொடங்கியது. ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கடிதம் வரும், கூடவே ஒரு துண்டறிக்கையும். கடிதத்தில் எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எல்லாம் குறித்திருக்கும். போவதற்கு அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். போகாமல் இருப்பதற்குத்தான் ஏதாவது செய்தாக வேண்டும். இதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

இந்தத் திட்டத்தில் 1991இல் மார்பகத்தில் ஒரு மாற்றம் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர் ஹேசல் தோர்ன்டன். பால்குழாய்க்குள்ளேயே தங்கிவிட்ட அணுக்கள், வெளியே பரவாதவை. அவை சிலரிடம் பிற்பாடு பரவும் புற்றாகலாம், சிலரிடம் கடைசிவரை ஒன்றும் செய்யாமலே இருக்கலாம். அவரை ஒரு மருத்துவ ஆய்வில் சேரச் சொன்னார்கள். கொடுத்த தகவல் போதாது என்று மறுத்துவிட்டு, 1992இல் 'லான்செட்' இதழில் நோயாளியின் பார்வையிலிருந்து எழுதினார். தன்னிடம் கொடுக்கப்பட்ட பிரதியை வாசித்து, அதில் என்ன இல்லை என்று கேட்ட ஒரு வாசகி. விமர்சகர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாம் இவரிடம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

2009இல் கோபன்ஹேகனில் இருந்த பீட்டர் கோட்சாவும் கூட்டாளிகளும் அந்தத் துண்டறிக்கையை வரி வரியாகப் பிரித்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். உயிர் காப்பாற்றப்படுவது சொல்லப்பட்டிருக்கிறது, மிகைக் கண்டறிதல் சொல்லப்படவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. மிகைக் கண்டறிதல் என்றால் இதுதான். சில கட்டிகள் அந்தப் பெண்ணின் ஆயுளுக்குள் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை. படம் எடுத்திராவிட்டால் அவள் அதை அறியாமலே வாழ்ந்து வேறு எதனாலோ இறந்திருப்பாள். ஆனால் எது அந்தச் சாதுக் கட்டி, எது கொல்லும் கட்டி என்று பிரித்துச் சொல்ல மருத்துவரால் முடியாது. அதனால் எல்லோருக்கும் அறுவை, கதிர்வீச்சு, மருந்து. அப்படி வெட்டப்பட்டவளும் தான் காப்பாற்றப்பட்டதாகவே நம்புவாள். அந்த நம்பிக்கையைப் பொய் என்று அவளிடம் தனியாக யாராலும் நிரூபிக்க முடியாது. கூட்டத்தின் கணக்கில் மட்டும் தெரிகிற, தனி உடலில் தெரியாத தீங்கு இது. இதனால்தான் இதைச் சொல்ல மொழி இல்லாமல் போனதோ என்று எனக்குச் சந்தேகம்.

கூச்சல் பெரிதாகி, சர் மைக்கேல் மார்மட் தலைமையில் தனிக்குழு அமைத்தார்கள். 2012 அக்டோபரில் அறிக்கை வந்தது. ஐம்பது வயதான 10,000 பெண்களை இருபது வருஷம் இத்திட்டத்துக்கு அழைத்தால், மார்பகப் புற்றால் நேரும் 43 மரணங்கள் தடுக்கப்படும். அதே 10,000 பேரில் 129 பேர் மிகைக் கண்டறிதலுக்கு ஆளாவார்கள். ஏறத்தாழ ஓர் உயிருக்கு மூன்று பேர். இதை அடிப்படையாக வைத்து 2013இல் புதிய துண்டறிக்கை வந்தது. நன்மையும் தீமையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில்: மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாக 50 முதல் 70 வயது வரை பரிசோதனைக்குப் போகும் 200 பேரில் சுமார் ஒருவர் உயிர் பிழைப்பார், சுமார் மூவருக்குத் தேவையில்லாத சிகிச்சை. ஒவ்வொரு முறையும் நூறில் நான்கு பேர் திரும்ப அழைக்கப்படுவார்கள், அந்த நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். போவதும் போகாததும் உங்கள் விருப்பம் என்றும் எழுதினார்கள். ஏவல் வினை போய் எச்சமும் நிபந்தனையும் வந்தன.

இதில் யார் சரி என்று கேட்கலாம். அதே பழைய ஆய்வுகளை வாசித்த காக்ரேன் மதிப்பாய்வு, 2,000 பெண்களைப் பத்து வருஷம் அழைத்தால் ஒருவர் மரணம் தவிர்ப்பார், பத்துப் பேருக்கு வீண் சிகிச்சை என்று சொன்னது. அமெரிக்க அரசின் தடுப்புப் பணிக்குழு 2009இல், நாற்பதுகளில் இருக்கும் பெண்கள் தங்கள் நிலைமைக்கு ஏற்பத் தனித்தனியே முடிவு செய்யட்டும் என்று சொல்லி அரசியல் ரகளையில் மாட்டிக்கொண்டது. அதே குழு 2024இல், நாற்பதிலிருந்தே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் செய்துகொள்ளலாம் என்று மாற்றிக்கொண்டது. பிரதிக்கு ஒற்றை அர்த்தம் இல்லை என்று நாம் தொண்டை வறளப் பேசியிருக்கிறோம். இங்கே அர்த்தம் மாறுகிற ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தியின் உடம்பில் கத்தி படுகிறது, அல்லது படாமல் போகிறது.

நோட்டீஸில் இருந்த அந்தச் சதவீதத்துக்கு வருகிறேன். சீக்கிரம் கண்டறிந்தால் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் பிழைக்கலாம் என்று போட்டிருந்தது. இது அமெரிக்கச் சரக்கு. அங்கே ஒரு பெரிய தொண்டு நிறுவனம், சீக்கிரம் பிடித்தால் ஐந்து வருஷம் உயிரோடிருப்போர் 98 சதவீதம், இல்லாவிட்டால் 23 என்று விளம்பரம் செய்தது. 2012இல் ஸ்டீவன் வோலோஷினும் லிசா ஷ்வார்ட்ஸும் அதைக் கிழித்து எழுதினார்கள். கணக்கு லேசானதுதான். ஒருத்தி 65 வயதில் இறக்கப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 62இல் தானாகக் கட்டி தெரிந்து கண்டுபிடித்தால் மூன்று வருஷம் பிழைத்தாள் என்று எழுதுவார்கள். 59இலேயே படத்தில் தெரிந்தால் ஆறு வருஷம் பிழைத்தாள் என்று எழுதுவார்கள். முதலாமவள் ஐந்து வருஷக் கணக்கில் தோல்வி, இரண்டாமவள் வெற்றி. செத்தது இருவரும் அதே 65இல்தான். நோயாளி என்கிற பெயரோடு மூன்று வருஷம் கூடுதலாக இருந்ததுதான் லாபம். சீக்கிரம் கண்டறிவதால் பயனே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இந்தச் சதவீதம் அந்தப் பயனை அளக்கவில்லை என்பதுதான். அளக்காத ஒன்றை அளவு போலக் காட்டுவதற்கு நம் அலங்கார நூல்களில் பெயர் தேடலாம்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, பெண்கள் அமைப்பில் வேலை செய்கிற டாக்டர் தோழி ஒருவர் கோபப்பட்டார். அவர் சொன்னது: "மிகைக் கண்டறிதல் எல்லாம் லண்டன்காரிக்கு. என்கிட்ட வர்றவ புண்ணாகி நாத்தம் எடுத்த பிறகு துணியச் சுத்திக்கிட்டு வர்றா. அவகிட்ட போய், டெஸ்டுக்கு வரலாம் வராமலும் இருக்கலாம்னு நீங்க தத்துவம் பேசுவீங்களா?"

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. கோபம் நியாயமானது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாறு பேர். இங்கே கண்காணிப்பு அதிகமாகிவிட்டது என்று எழுதிய என் பழைய கட்டுரையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஃபூக்கோ தப்பில்லை. பிரெஞ்சு ஆஸ்பத்திரியின் கதையைக் கோவில்பட்டி மண்டபத்துக்கு அப்படியே தூக்கிவந்தது என் தப்பு.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால், தோழி சொன்ன பெண்ணும் என் பெரியம்மாவும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் கட்டி கைக்குத் தெரிந்திருக்கிறது. இருவருக்கும் தேவைப்பட்டது ஸ்க்ரீனிங் இல்லை. போனால் மரியாதையாகப் பார்த்து, அந்த வாரமே ஊசி போட்டுச் சொல்லக்கூடிய ஓர் இடம். அதைக் கட்டுவது செலவு பிடித்த, போட்டோவுக்கு உதவாத வேலை. பஸ் அனுப்புவது சுலபம். 'பரிசோதனை' என்கிற ஒற்றைச் சொல் இருக்கிறவரை, பஸ்ஸை அனுப்பிவிட்டு இடத்தைக் கட்டிவிட்டதாகக் காட்டலாம்.

மேமோகிராம்தான் வழி என்பதும் இல்லை. மும்பையில் 1998இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வில் பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் கையாலேயே சேரிப்பகுதிப் பெண்களைப் பரிசோதிக்க வைத்தார்கள். 35 முதல் 64 வயதுவரை 1,51,538 பேர். ஒரு பாதிக்குப் பரிசோதனை, மறு பாதிக்குப் புற்றுநோய் பற்றிய விளக்கம் மட்டும். 2021இல் வந்த முடிவு: முற்றிய நிலையில் கண்டறியப்படுவது குறைந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதுள்ளவர்களில் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களில் அப்படிக் குறையவில்லை. (இதே ஆய்வில் கருப்பை வாய்ப் பரிசோதனை கிடைக்காத பாதியைப் பற்றி அறவிவாதம் எழுந்தது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) கை, பயிற்சி, மறுபடி மறுபடி வருதல். இயந்திரம் இல்லை. 2016இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறையும் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்குச் சுகாதாரப் பணியாளர் கையால் பார்ப்பதையே சொல்கிறது. தனியார் நோட்டீஸ்களில் இந்தக் 'கை' காணாமல் போய்விடுகிறது. கைக்குக் கட்டணம் வாங்க முடியாது பாருங்கள்.

நோட்டீஸின் பின்பக்கம் கண்ணாடி முன் நின்று தானே தடவிப் பார்ப்பது எப்படி என்று ஆறு படங்கள். ஷாங்காய் பஞ்சாலைகளில் 2,66,064 தொழிலாளிப் பெண்களை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. மாதாமாதம் முறைப்படி பார்க்கக் கற்றுக்கொடுத்ததால் மரணம் குறையவில்லை, தீங்கற்ற கட்டிகளுக்கு ஊசியும் கத்தியும்தான் கூடின. அதற்காக, குளிக்கும்போது கையில் பட்டதைக் கண்டுகொள்ளாதே என்று பொருளில்லை. சடங்கு வேண்டாம், கவனம் வேண்டும். இந்த வித்தியாசத்தைப் படம் போட்டுக் காட்ட முடியாது, வாக்கியத்தில்தான் சொல்ல முடியும்.

வாக்கியம் எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே தடை. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கு இங்கே எழுந்த ஆபாசக் கூச்சல் இலக்கியத்தோடு நின்றுபோன விஷயம் என்று அப்போது நினைத்தேன். மருத்துவத் தமிழ் 'மார்பகம்' என்கிறது. சங்கப் பாடல்களில் மார்பு பெரும்பாலும் தலைவனுடையது, பெண்ணுக்கு முலைதான். மதுரையை எரித்த கண்ணகி, நற்றிணையில் வரும் திருமாவுண்ணி, புறநானூற்றில் சூளுரைக்கும் கிழத்தாய் என்று அறுபட்ட, அறுக்கத் துணிந்த முலைகளை எம்.ஏ.வில் வரிசையாகப் படித்தேன். சினத்துக்கும் கற்புக்கும் சூளுக்கும் உரிய முலை. நெருடுகிற, கசிகிற, நோயாளியாகிற முலை ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. பெரியம்மா ஒன்பது மாதம் மௌனமாக இருந்தாள் என்று எழுதுவது சரியில்லை. என் அம்மாவிடம் அவள் சொன்னது 'நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு' என்று. அம்மா வாயுக்கு வெள்ளைப்பூண்டு உரித்துக் கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் நானும் பெரியம்மாவும் ஒரு நோட்டீஸ் எழுதினோம். ஸ்க்ரீனிங் என்பதை அவளுக்குச் சொல்ல நான் திணறியபோது சல்லடையைத்தான் எடுத்தேன். மாவு சலிக்கிற மாதிரி. எல்லாரையும் போட்டுச் சலிப்பார்கள். மேலே தங்குவதெல்லாம் கல் இல்லை. கண்ணுக்குத் தப்பிய சன்னப் பொடிக்கல் கீழேயும் விழுந்துவிடும். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப கையிலயே கல்லு தட்டுப்பட்டவ எதுக்குட்டி சல்லடைக்குப் போகணும்? எடுத்து வெளிய போட்ற எடத்துக்குல்ல போகணும்" என்றாள். அதையே முதல் வாக்கியமாக வைத்தோம், கேள்வியாக: இப்போது கட்டியோ தடிப்போ குழியோ, காம்பு உள்ளிழுப்போ, ரத்தக் கசிவோ இருக்கிறதா? இருந்தால் பஸ்ஸில் ஏறாதே, நேராக ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போ, படம் நார்மல் என்றாலும் ஊசி வேண்டுமா என்று கேள். இல்லாவிட்டால் மட்டும் மேலே படி. மேலே, என்ன கிடைக்கும், என்ன தப்பும், எது வீணாக வெட்டப்படலாம், போகாமலும் இருக்கலாம் என்பது. பிரிட்டன் எண்களைப் போடவில்லை. நோய் அங்கிருப்பதைவிட இங்கே குறைவு, வருகிற வயதும் குறைவு. அவர்கள் இருநூறு நம் இருநூறு ஆகாது. 'சிலருக்கு' என்று எழுதினோம். 'தேர்வு' என்கிற சொல்லைப் பெரியம்மா அடித்துவிட்டாள். 'நீயே முடிவு பண்ணு' என்று போடச் சொன்னாள். முலையா மார்பகமா என்று நான் தயங்கியபோது, "மாருன்னு போடு, எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

தீப்பெட்டி ஆபீஸ் சுவரில் அவளே ஒட்டினாள். மறுநாள் கணக்குப்பிள்ளை அதைப் படித்திருக்கிறார். கிழிக்கவில்லை. 'மாரு' என்று வந்த மூன்று இடத்திலும் சிவப்புப் பேனாவால் அடித்து, அழகான கையெழுத்தில் 'மார்பகம்' என்று திருத்தி வைத்திருக்கிறார்.